தூண் இல்லாத ஹால்

ஆபீஸை வேறு இடத்துக்கு மாற்றப்போகிறோம் என்று முதலாளி சொன்ன அன்று எல்லோரும் கைதட்டினார்கள். என் சித்தி மட்டும் காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"அப்போ நான் கிளம்பிடறேன் சார். இந்த இடம் இருக்கிற வரைக்கும்தான் என் வேலை" என்றாள்.

அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள். சித்தி எதைச் சொன்னாலும் சிரிப்பது அந்த ஆபீஸில் வழக்கமாகிவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. விளையாட்டாகப் பேசும்போது சித்தியின் கை சும்மா இருக்காது. ஒயரைச் சுருட்டும், மேசையில் தாளம் போடும். அன்று இரண்டு கைகளும் மடியில் அப்படியே கிடந்தன.

எங்களுடையது லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனி. எங்கேயாவது லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர் மணி பொத்தானை அமுக்குவார். இங்கே சித்தியின் மேசையில் போன் அடிக்கும். எந்தக் கட்டடம், எத்தனை பேர், யாருக்காவது மூச்சு முட்டுகிறதா என்று கேட்டு, பதிலை உரக்கத் திருப்பிச் சொல்வாள். பக்கத்தில் இருக்கும் நான் அதைத் துண்டுச்சீட்டில் எழுதி மெக்கானிக்கின் கையில் கொடுப்பேன். அதோடு என் வேலை முடிந்தது. சித்தியின் வேலை முடியாது. மெக்கானிக் போய்க் கதவைத் திறக்கும்வரை உள்ளே இருப்பவரோடு பேசிக்கொண்டே இருப்பாள். அழுத பெரிய மனிதர்கள் உண்டு. லிஃப்டுக்குள் இருந்தபடியே தன் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கச் சொன்னவரும் உண்டு. லைனிலேயே இருப்பதால் அவளுக்கு லைனக்கா என்று பெயர். அவளைவிட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

சித்திக்குக் கண் தெரியாது. சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலோடு பார்வை போய்விட்டது. "லிஃப்டுக்குள்ள லைட்டு போயிடுச்சுன்னு அலறுவாங்க. இதுல என்னடா இருக்குன்னு எனக்குத் தோணும். அந்தத் தைரியத்தைத்தான் நான் போன்ல அனுப்பறேன்" என்பாள்.

என்னை இந்த வேலையில் சேர்த்தவளும் அவள்தான். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நாலு பேர் முன்னால் வாயைத் திறந்தால் யாரோ தொண்டையைப் பிடித்துக்கொள்வது போல இருக்கும். வீட்டில் மூலையில் கிடந்தவளைச் சித்தி ஒருநாள் கூட்டிக்கொண்டு வந்து முதலாளி முன்னால் நிறுத்தினாள். "இவ என் அக்கா பொண்ணு. இவளுக்குக் கண்ணு இருக்கு, வாய் இல்ல. எனக்கு வாய் இருக்கு, கண்ணு இல்ல. ரெண்டையும் சேர்த்தா ஒரு முழு ஆளு. வேணாம்னு சொல்லிடாதீங்க" என்றாள். முதலாளி சிரித்து அன்றே எனக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார். அதற்கப்புறம் அந்த ஆபீஸில் ஒருவர்கூட, ஏன் பேசமாட்டேன் என்கிறாய் என்று என்னைக் கேட்டதில்லை. அது எவ்வளவு பெரிய உபகாரம் என்பது என்னைப் போல இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

பழைய ஆபீஸ் தரைத்தளத்தில் நீளமான ஒரே அறை. பகலிலும் விளக்குப் போட வேண்டும். கிரீஸ் வாசனை சுவரிலேயே ஊறியிருந்தது. அறையின் நடுவில், எந்தப் பக்கம் போனாலும் இடிக்கிற மாதிரி ஒரு பெரிய தூண். அதை ஒட்டித்தான் சித்தியின் மேசை. சித்தியிடம் வருகிற யாரும் தூணில் விரலால் தட்டுவார்கள். வருவது யார் என்று அவளுக்குத் தெரிய வேண்டுமே. கணக்கு எழுதுபவர், எங்களுக்குக் கணக்கண்ணன், இரண்டு தட்டு, அதுவும் நோகாமல். மூத்த மெக்கானிக்கான ஸ்பேனர் மாமா கையில் இருக்கிற ஸ்பேனராலேயே ஓங்கிப் போடுவார். முதலாளி உள்ளங்கையால் அறைவார்.

இது தவிர இன்னும் சில பழக்கங்கள் இருந்தன. எழுந்தால் நாற்காலியை மேசைக்கு அடியில் தள்ளிவிட வேண்டும். கதவு முழுதாகத் திறந்திருக்கும், இல்லாவிட்டால் முழுதாக மூடியிருக்கும். பாதிக் கதவு பெருங்குற்றம். நடைபாதையில் ஒரு பென்சில்கூடக் கிடக்காது. யாரும் உத்தரவு போட்டதில்லை. வெளியாட்கள் வந்து நாற்காலியை அப்படியே விட்டுப் போனால், அடுத்து எழுகிறவர் காலால் உள்ளே தள்ளிவிட்டுப் போவார். கணக்கண்ணன் வீட்டில் சமையலறைக்குப் போகும்போது ஃபிரிட்ஜை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் போவாராம். அவர் மனைவி ஒருமுறை போன் செய்து, "என்ன வசியம் வச்சீங்க லைனக்கா எங்க வீட்டுக்காரருக்கு?" என்று கேட்டார்.

அப்படிப்பட்ட அறையில் சித்தி நடப்பதைப் பார்த்தால் அவளுக்குக் கண் தெரியாது என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் சித்தி ஜன்னலோரம் முகத்தைக் காற்றுக்குக் கொடுத்தபடி இருந்தாள்.

"நெஜமாவே நின்னுடுவீங்களா சித்தி?" என்று கேட்டேன். அவளிடம் பேச மட்டும் எனக்குத் தொண்டை ஒத்துழைக்கும்.

"நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல நீ பார்த்ததில்ல" என்றாள். "நான் எழுந்தா நாலு பேர் எழுந்திருப்பாங்க. ஒருத்தர் கையைப் பிடிப்பாரு, ஒருத்தர் தோளைப் பிடிப்பாரு. பாத்ரூம் வாசல்ல ஒரு ஆளு நிக்கும், உள்ள இருந்து நான் வர்ற வரைக்கும். எல்லாம் பாசம்தான். ஆனா தண்ணி குடிக்காமலே இருந்து பழகிக்கிட்டேன்டி, எழுந்திருக்க வேணாமேன்னு. அப்போ சின்ன வயசு, தாங்கிக்கிட்டேன். மறுபடி முதல்லேருந்து அப்படி ஒரு வாழ்க்கை என்னால முடியாது."

"வீட்டுல இருந்தா?"

"உங்கம்மா என்னை ராணி மாதிரி வச்சிருப்பா. ராணி தானா எங்கயும் நடந்து போகமாட்டா பாரு, அதான் பயமா இருக்கு."

புது ஆபீஸிலும் முடியாது, வீட்டிலும் முடியாது என்று அவளுக்கே தெரிந்திருந்தது. லைனில் இல்லாத சித்தியை எனக்கு நினைத்துப் பார்க்கவே வரவில்லை.

பொருள்களைக் கட்டும் வேலை தொடங்கியது. இத்தனை வருஷமாக எதையும் வீசாதவர் ஸ்பேனர் மாமா. மேசை இழுப்பறைகளிலிருந்து பெயர் தெரியாத திருகாணிகளும், பல்சக்கரங்களும், ஸ்பிரிங்குகளும் வந்துகொண்டே இருந்தன.

"இது எந்த லிஃப்டோடது மாமா?" என்று கணக்கண்ணன் ஒன்றைத் தூக்கிக் காட்டினார்.

"தெரியாது. ஆனா ஒருநாள் வேணும்."

"இது?"

"அதுவும் ஒருநாள் வேணும்."

கணக்கண்ணன் பெருமூச்சு விட்டு ஒரு அட்டைப்பெட்டியின்மேல் பட்டையான பேனாவால் 'ஒருநாள் வேணும்' என்றே எழுதிவிட்டார். சாயங்காலத்துக்குள் அப்படி நாலைந்து பெட்டிகள் ஆகிவிட்டன. எல்லாமே கல்லுப் போலக் கனம்.

"மாமா, உங்களையும் அதுல ஒண்ணுல போட்டு ஒட்டிடச் சொல்லவா?" என்றாள் சித்தி ஹெட்போனைக் கழற்றாமலே.

"என்னை எந்தப் பெட்டி தாங்கும் லைனக்கா? லிஃப்ட்தான் தாங்கும். அதுவும் ஓவர்லோடுன்னு மணி அடிக்கும்."

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சித்தி தம்ளரைக் கழுவ எழுந்தாள். தூணைத் தொட்டு, திரும்பி, எப்போதும் போல வேகமாகத் தொட்டிப் பக்கம் நடந்தாள். பில் கோப்புகள் அடைத்த ஒரு பெட்டியைச் சுவரோரம் கொண்டுபோகத் தூக்கிய கணக்கண்ணன், தன் செல்போன் அடித்ததால் நடுவழியில் வைத்துவிட்டு எடுக்கப் போயிருந்தார். சித்தி அதில் தடுக்கி முகம் குப்புற விழுந்தாள்.

தம்ளர் உருண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது. அந்தச் சத்தம் அடங்கும்வரை யாரும் அசையவில்லை. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடினார்கள். எத்தனை கைகள்.

"விடுங்க. நானே எழுந்திருக்கேன்" என்றாள் சித்தி.

முழங்கையில் தோல் உரிந்திருந்தது. கணக்கண்ணன் பேனா பிடித்த கையோடு வெளிறிப்போய் நின்றார்.

"நான்தான் லைனக்கா... ஒரு நிமிஷம்னு நினைச்சு..."

"அட, விடுங்க கணக்கு. உங்க மேல என்ன இருக்கு? மூட்டை கட்டுற வீட்டுல பெட்டி நடுவுலதான் இருக்கும்." சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். குரல் மட்டும் ஒரு மாதிரி தட்டையாக இருந்தது. "சார் இருக்காரா? சார், இங்க போன் லைனைக் கழட்டுற அன்னியோட நான் நின்னுக்கறேன். அன்னிக்கு விளையாட்டாச் சொன்னேன்னு நினைச்சிருப்பீங்க. நெஜமாத்தான் சொல்றேன்."

முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார். சித்தி அதற்குள் தன் நாற்காலிக்குத் திரும்பி, தடவிப் பார்த்து, மெதுவாக உட்கார்ந்தாள். அந்த அறையில் அவள் தடவி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலையில் உள்ளே நுழைந்த நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். பெட்டிகள் எல்லாம் சுவரோரம் உத்தரம்வரை ஏறியிருந்தன. வாசலிலிருந்து சித்தியின் மேசைக்கு, மேசையிலிருந்து தொட்டிக்கு, தொட்டியிலிருந்து பாத்ரூமுக்கு வழி பெருக்கித் துடைத்தது போல இருந்தது. அதற்கு ஈடாக மற்றவர்கள் இருக்கிற இடங்கள் எல்லாம் அடைபட்டுவிட்டன. கணக்கண்ணன் தன் நாற்காலிக்குப் போக இரண்டு அலமாரிகளுக்கு நடுவே பக்கவாட்டில் நுழைய வேண்டியிருந்தது. ஸ்பேனர் மாமா தன் வயிற்றை ஒரு கையால் உள்ளே அமுக்கிக்கொண்டு மேசைமேல் ஏறி மறுபக்கம் குதித்தார். முதலாளி அன்று முழுவதும் நின்றுகொண்டே வேலை பார்த்தார். அவர் நாற்காலிக்குப் போக வழியே இல்லை.

சித்தி வழக்கம் போல நடந்து வந்தாள். ஒன்றிலும் இடிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "ஏன் ஆளாளுக்கு இப்படி மூச்சு வாங்கறீங்க?" என்று கேட்டாள்.

"வயசாகுதுல்ல லைனக்கா" என்றார் ஸ்பேனர் மாமா, இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டபடி.

அன்று மதியம் சித்தி சாப்பிடப் போன நேரத்தில் கணக்கண்ணன் என்னைக் கூப்பிட்டு அளவு நாடாவின் ஒரு முனையைக் கையில் கொடுத்தார். தூணிலிருந்து மேசைக்கு, மேசையிலிருந்து அலமாரிக்கு, வாசல்படியிலிருந்து எல்லாவற்றுக்கும் அளந்து குறித்துக்கொண்டார்.

"யார்கிட்டயும் சொல்லாதே" என்றவர், தானே சிரித்துக்கொண்டார். "உன்கிட்ட போய்ச் சொல்றேன் பாரு. இந்த ஆபீஸ்லயே பத்திரமான பெட்டகம் நீதான்."

கடைசி நாள் காலையிலேயே வண்டி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. மதியம் லைனை மாற்றும்வரை பழைய ஆபீஸில் போனை எடுக்க ஆள் வேண்டும். வேண்டாமென்று விட்டுப்போன ஒரு மேசை, இரண்டு நாற்காலியோடு சித்தியும் நானும் மிச்சமிருந்தோம். பேசினால் அறை திருப்பிப் பேசியது. போன்காரர் வந்து ஒயரைக் கழற்றினார். சித்தி ஹெட்போனை அழகாகச் சுருட்டி என்னிடம் கொடுத்தாள்.

"புதுசா வர்ற பொண்ணுகிட்ட கொடுத்துடு. காது வலிக்கும், பஞ்சு மாத்தச் சொல்லு."

எனக்கு அழுகை வந்தது. சத்தம் வராமல் அழுதால் அவளுக்குத் தெரியாது என்று நினைத்தேன். "மூக்கை உறிஞ்சாதே" என்றாள்.

ஸ்பேனர் மாமா வண்டியோடு திரும்பி வந்தார். "வாங்க லைனக்கா, புது இடத்தை ஒரு தடவை பார்த்துட்டுப் போயிடுவீங்களாம்."

"பார்க்கறதுக்கு என்னையா கூப்பிடறீங்க?"

"சரி, கேட்டுட்டுப் போங்க."

"வேணாம் மாமா. பஸ் ஏத்தி விட்டுடுங்க."

"சாப்பாடு வாங்கி வச்சிருக்கு. நீங்க வராம யாரும் பொட்டலத்தைப் பிரிக்கமாட்டோம்னு உக்காந்திருக்காங்க. எனக்குப் பசி உயிர் போகுது. ஒரு பெரிய உசுரு உங்களை நம்பி இருக்கு."

சித்தி எழுந்து நின்றாள். "சாப்பிடுவேன். சாப்பிட்டதும் வீடு. யாரும் ஒண்ணும் பேசக்கூடாது."

புது ஆபீஸ் நாலாவது மாடியில். அந்தக் கட்டடத்து லிஃப்டைப் பராமரிப்பது எங்களுக்குப் போட்டியான கம்பெனி. ஸ்பேனர் மாமா அதில் காலை வைக்கமாட்டேன் என்று படியேறினார். "நின்னுபோச்சுன்னா நான் அவங்களுக்குப் போன் பண்ணணுமா? மானம் போயிடும்" என்று கீழிருந்தே கத்தினார். நாங்கள் மேலே போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்துக்கப்புறம் ஈரமான சட்டையோடு வந்து சேர்ந்தார்.

கதவு முழுதாகத் திறந்திருந்தது. கணக்கண்ணன் வாசலில் நின்றார்.

"நீங்களே போங்க லைனக்கா" என்றார்.

சித்தி என் தோளிலிருந்து கையை எடுத்தாள். ஒரு அடி வைத்தாள். இன்னொன்று. முகத்தில் ஒரு சந்தேகம் வந்தது. கை தானாக இடது பக்கம் போய் ஒரு அலமாரியின் விளிம்பைத் தொட்டது. அது இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அடுத்தது கோப்பு அலமாரி, அதுவும் இருந்தது. நாற்காலிகள் உள்ளே தள்ளியிருந்தன. அவள் நடை வேகமெடுத்தது. பழக்கத்தில் கையை நீட்டித் தூணைத் தட்டினாள்.

பொத்தென்று ஒரு சத்தம்.

சித்தி நின்றாள். மறுபடி தட்டினாள். "என்ன இது?"

கணக்கண்ணன் ஸ்பேனர் மாமாவைப் பார்த்தார். கடைசியில் ஸ்பேனர் மாமாதான், இன்னும் மூச்சு வாங்கியபடி, "தூண்" என்றார்.

"தூணா? இது தூணே இல்லாத ஹாலுன்னு சார் பெருமையா சொன்னாரே?"

"இல்லதான். அதான் வச்சோம்."

நான் அப்போதுதான் நன்றாகப் பார்த்தேன். அட்டைப்பெட்டிகளைத் தரையிலிருந்து உத்தரம்வரை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, பழுப்பு டேப்பால் சுற்றிச் சுற்றி ஒட்டியிருந்தார்கள். அச்சு அசலாக அதே அகலம்.

சித்தி இரண்டு கைகளாலும் அதைத் தடவினாள். "சாய்ஞ்சுடாதா?"

"சாயாது. அடியில ஒருநாள் வேணும் பெட்டி அத்தனையும் வச்சிருக்கேன். சொன்னேன்ல, ஒருநாள் வேணும்னு?"

சித்தி சிரிக்க ஆரம்பித்தாள். நிற்கவே இல்லை. தூணில் சாய்ந்து, அது லேசாக ஆடியதும் இன்னும் சிரித்தாள். முதலாளி சிரித்தார், கணக்கண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சித்தியும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தூணைச் சுற்றி வந்து, தன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். மேசையின் ஓரம், போன், நான் எழுதும் துண்டுச்சீட்டுக் கட்டு, எல்லாம் கைக்குக் கிடைத்தன.

முதலாளி மெதுவாக, "அப்போ இருந்துடறீங்கல்ல?" என்றார்.

இருந்துவிடுவாள் என்றுதான் நானும் நினைத்தேன். சித்தி முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி எதையோ கேட்பது போல இருந்தாள்.

"இங்க எங்கிருந்தோ காத்து வருது. சந்து வழியா வர்ற மாதிரி வருது."

"ஜன்னல் லைனக்கா" என்றார் கணக்கண்ணன். "அந்தப் பக்கம் பூரா ஜன்னல்தான்."

"அப்புறம் ஏன் இவ்வளவு கொஞ்சமா வருது?"

"பீரோ மறைச்சிருக்கு. பழைய ஆபீஸ்ல அங்க சுவர் இருந்துச்சுல்ல. பீரோவைச் சுவரோரம்தானே வச்சிருந்தோம்..."

"ஜன்னல்ல என்னடி தெரியுது?" என்று சித்தி என்னைக் கேட்டாள்.

நான் பீரோக்களுக்குப் பின்னால் நுழைந்து பார்த்தேன். எதிர்வரிசை மொட்டை மாடிகள், தண்ணீர்த் தொட்டிகள், காயப்போட்ட துணிகள். ஒருவர் கம்பியில் கண்ணாடி மாட்டி முகம் மழித்துக்கொண்டிருந்தார். தூரத்தில் பஸ் நிலையத்தின் தகரக் கூரை வெயிலில் பளபளத்தது. அத்தனையையும் அங்கிருந்தே சொன்னேன். எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது.

"கணக்கு, உங்க சீட்டு எங்க இருக்கு?"

"பழைய இடத்துலதான்."

"பீரோவுக்கு இந்தப் பக்கமா? லைட்டு போட்டிருக்கீங்களா?"

"ம்."

"மத்தியானத்துல."

"எங்களுக்குப் பழகிப்போச்சு லைனக்கா. எங்களுக்கு ஒண்ணும் இல்ல."

சித்தி கொஞ்ச நேரம் மேசை விளிம்பை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கல்லாம் நாற்காலியை உள்ள தள்ளுறது எனக்குக் கேக்கும்" என்றாள். "ஒவ்வொரு தடவையும் கேக்கும். இத்தனை வருஷமா நான் ஒரு வார்த்தை நன்றின்னு சொன்னதில்ல. சொன்னா அது எனக்காகப் பண்றதுன்னு ஆயிடும். நீங்களும் அப்படிக் காட்டிக்கல, நானும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கல. அது எவ்வளவு பெரிய மரியாதைன்னு எனக்குத் தெரியும். இன்னிக்குச் சொல்லிடறேன். ரொம்ப நன்றி. ஒவ்வொருத்தருக்கும்."

ஸ்பேனர் மாமா தரையைப் பார்த்துக்கொண்டு மூக்கைத் துடைத்தார்.

"ஆனா இது நல்லா இல்ல. நல்ல காத்தும் வெளிச்சமும் இருக்கிற இடத்துக்கு வந்து, பழைய பொந்தை அப்படியே தூக்கி நாலாவது மாடியில வச்சிருக்கீங்க. நான் ஒருத்தி இடிச்சுக்கக் கூடாதுன்னு நீங்க எல்லாரும் இருட்டுல உக்காரணுமா? அப்படி ஒரு நாற்காலியில எனக்கு உக்கார முடியாது சார்."

முதலாளியின் முகம் வாடிவிட்டது. "அப்போ போறீங்களா?"

"யாரு போறேன்னு சொன்னா? எல்லாத்தையும் எடுங்க. பீரோவை நகத்துங்க. இது என்ன இடமோ அதுக்குத் தகுந்த மாதிரி போடுங்க. நான் கத்துக்கறேன்." கையை உயர்த்தினாள். "ஆனா ஒண்ணு. யாரும் கையைப் பிடிக்கக் கூடாது. தோளைத் தொடக் கூடாது. விழுந்தாலும் நானா எழுந்திருப்பேன். பாத்ரூம் வாசல்ல ஆள் நின்னா அன்னிக்கே வீடு."

"மொதல்ல சாப்பிடலாமா?" என்றார் ஸ்பேனர் மாமா பரிதாபமாக.

சாப்பிட்டுவிட்டு ஆரம்பித்தார்கள். பீரோவை நகர்த்த நகர்த்த வெயில் தரையில் நீண்டுகொண்டே வந்தது. சித்தி ஹாலின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, இழுக்கும் சத்தத்தை வைத்தே, "அது எங்க போகுது? ஏன் அவ்வளவு தூரம்?" என்று அதட்டிக்கொண்டிருந்தாள். தூணைப் பிரிக்கும்போது மட்டும் ஸ்பேனர் மாமாவுக்கு மனமில்லை. "என் வாழ்க்கையில நான் கட்டின ஒரே கட்டடம் லைனக்கா. ஒரு நாள்கூட நிக்கல" என்றார். அதிலிருந்து இறக்கிய பெட்டிகளுக்கு மறுபடி இடம் தேட வேண்டியிருந்தது. கணக்கண்ணனின் மேசை ஜன்னலோரம் போயிற்று. அவர் உட்கார்ந்து, விளக்கை அணைத்து, கணக்குத் தாளைச் சூரிய வெளிச்சத்தில் பார்த்து, "எட்டுன்னு நினைச்சது மூணு போலிருக்கே" என்றார்.

எல்லாம் முடிந்தது என்று சொன்னதும் சித்தி எழுந்தாள்.

அவள் ஒரு கையை முன்னால் நீட்டியபடி போனாள். அவள் அப்படி நடந்து நாங்கள் பார்த்ததே இல்லை. ஒவ்வோர் அடியும் தரையைக் கேட்டுவிட்டு வைப்பது போல இருந்தது. முதலாளியின் கை தானாக எழுந்தது, அவரே அதைப் பிடித்துக் கீழே இறக்கினார். நான் என் நாற்காலியின் இரண்டு பக்கத்தையும் இறுக்கிப் பிடித்திருந்தேன். சித்தி ஒரு அலமாரியைத் தொட்டாள். அதன் விளிம்பில் விரலை ஓட்டினாள். திரும்பினாள். இரண்டடி வேகமாக வைத்தாள். கை மேசைக்கு மேலே காற்றில் போக, முழங்கால் மூட்டு மேசைக் காலில் நங்கென்று இடித்தது.

"அம்மா!"

ஒருவரும் நகரவில்லை. எவ்வளவு கஷ்டப்பட்டு நகராமல் இருந்தோம் என்பது எங்களுக்குத்தான் தெரியும். சித்தி குனிந்து மூட்டைத் தேய்த்துக்கொண்டாள். வலி கொஞ்சம் அடங்கியதும், "யாரு மேசை இது?" என்று கேட்டாள்.

"என்னுது லைனக்கா." கணக்கண்ணன் துள்ளி எழுந்து மேசையின் ஓரத்தைப் பிடித்துவிட்டார். "இதோ இழுத்துடறேன். இன்னும் ஜன்னலை ஒட்டிப் போட்டுடறேன், ஒரு நிமிஷம்..."

"தொடாதீங்க!"

அவர் அப்படியே நின்றார்.

"இப்பதான் அது எங்க இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கு. நீங்க நகத்தினா நான் இன்னொரு மூட்டுக்கு எங்க போவேன்? அங்கேயே இருக்கட்டும்."

கணக்கண்ணன் கையை எடுத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார். நாற்காலியை மேசைக்கு அடியில் தள்ளினார்.

அப்போது போன் அடித்தது. புது இடத்துக்கு வந்த முதல் போன். முதலாளி எடுக்கப் போய், பாதியில் நின்றுகொண்டார். சித்தி சத்தம் வந்த பக்கம் திரும்பினாள். நேராகப் போகவில்லை. ஒரு நாற்காலியைச் சுற்றி, என் மேசையைத் தடவி, தன் இடத்துக்கு வந்து சேர அவளுக்கு நேரமானது. போன் விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது. கையை நீட்டினாள். போன் இருந்த இடம் தெரியாமல் மேசைமேல் துழாவினாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். கிடைத்துவிட்டது.

"வணக்கம், சொல்லுங்க. எந்தக் கட்டடம்? பயப்படாதீங்க, மெதுவா சொல்லுங்க." அவள் உரக்கத் திருப்பிச் சொல்ல, நான் எழுதினேன். ஸ்பேனர் மாமா என் கையிலிருந்து சீட்டைப் பிடுங்கிக்கொண்டு படியில் ஓடினார்.

உள்ளே இருந்த பெண்மணி மிகவும் பயந்திருந்தார் போலிருக்கிறது. சித்தி ஒரு கையால் போனைக் காதில் வைத்து, இன்னொரு கையால் மூட்டைத் தேய்த்தபடி பேசிக்கொண்டிருந்தாள்.

"லைட்டு போயிடுச்சா? போகட்டும். கையை நீட்டிச் சுவரைத் தொடுங்க. தொட்டீங்களா? அப்படியே தடவிக்கிட்டே வாங்க, ஓரத்துல ஒரு கம்பி இருக்கும், பிடிச்சுக்கலாம். இல்லையா? பரவாயில்ல, இன்னும் கொஞ்சம் தேடுங்க, கிடைக்கும். நானும் இங்க அதேதான் பண்ணிக்கிட்டிருக்கேன். இல்லைங்க, நெஜமாத்தான். இன்னிக்குத்தான் புது இடத்துக்கு வந்திருக்கோம்."